காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: ரத்தக் குழாய்ச் சுவரும் டெங்குவும்

(பொதுக்குழுக் கூட்டம் முடிந்ததும் நமது கம்யூனிட்டி ஹாலில் நடந்த மழைக்கால உடல்நலப் பேச்சின் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் கேட்கப்பட்ட சிலவற்றுக்கான பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



மெயின்டனன்ஸ் கட்டணம், போர்வெல், பார்க்கிங் என்று இவ்வளவு நேரம் பேசிய பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதனால் இங்கே மருந்துச் சீட்டு எழுதப் போவதில்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லப் போகிறேன். அது தெரிந்தால், டாக்டர் சொல்வது ஏன் என்று நமக்குப் புரியும்.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததும் நம் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "பிளேட்லெட் எவ்வளவு?" இன்னொன்று, "பப்பாளி இலை யார் வீட்டில் இருக்கிறது?" இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகிறது: "ரத்தக் குழாய் கசிகிறதா?" டெங்குவில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அந்தக் கசிவால்தான். அது எப்போது வரும், எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்திருந்தால், இந்தக் கட்டடத்தில் ஒரு உயிரையாவது காப்பாற்ற முடியும். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

டைல்ஸ் கசியாது, இடுக்குதான் கசியும்

மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ் வீட்டு சீலிங்குக்குத் தண்ணீர் இறங்கும் பிரச்சினை நமக்குப் புதிதில்லை. பார்க்க வருகிற ஆள் முதலில் எதைப் பார்க்கிறார்? டைல்ஸை விட்டுவிடுகிறார். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற இடுக்கைத்தான் சுரண்டிப் பார்க்கிறார்.

உடம்பும் அப்படித்தான். தோல், குடலின் உட்புறம், ரத்தக் குழாயின் உட்சுவர் எல்லாமே செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த விரிப்புகள். ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக ஒரு சவ்வு உண்டு. ஆனால் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை எது அடைக்கிறது?

நெடுங்காலம் அங்கே சிமென்ட் மாதிரி ஏதோ ஒரு பசை இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு, 1963இல் மர்லின் ஃபார்க்குவார், ஜார்ஜ் பலாடே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அது பசை இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று விதமான இணைப்புகள் இருந்தன. மேலே இருந்த இணைப்பில் இரண்டு செல்களின் சவ்வுகளும் இடைவெளியே இல்லாமல் நெருங்கியிருந்தன. அதைத்தான் இறுக்க இணைப்பு என்கிறோம். பலாடேக்கு செல்லின் அமைப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இணைப்பு எந்தப் பொருளால் ஆனது என்று தெரிய இன்னும் 30 வருஷம் ஆனது. ஜப்பானில் ஷோய்சிரோ சுகிதாவின் குழு, கோழிக் கல்லீரலிலிருந்து இணைப்புகளைப் பிரித்தெடுத்து, 1993இல் ஒக்லூடின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. கதை முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் ஒக்லூடின் இல்லாத செல்களை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றிலும் இறுக்க இணைப்பு ஜோராக உருவானது. அப்படியானால் முக்கியமான ஆள் வேறு யாரோ. அதே கோழிக் கல்லீரலைத் திரும்பவும் அலசி, 1998இல் கிளாடின் என்ற புரதங்களைக் கண்டார்கள். லத்தீனில் 'மூடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வைத்தார்கள்.

கிளாடின் ஒன்று இரண்டு இல்லை, இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த உறுப்பில் எந்த வகை இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்த உறுப்பின் கசிவுத்தன்மை அமைகிறது. சில உதாரணங்கள் சொல்கிறேன்.

தோலில் கிளாடின்-1 முக்கியம். அது இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் பார்ப்பதற்கு முழுதாக இருந்தன. ஆனால் தோல் வழியாக உடம்பு நீர் வெளியேறி ஒரே நாளில் இறந்துவிட்டன. மூளையின் ரத்தக் குழாய்களில் கிளாடின்-5. அது இல்லாத எலிகளில் சிறிய மூலக்கூறுகள் மூளைக்குள் புகுந்தன; பெரியவை புகவில்லை. சிறுநீரகத்தில் கிளாடின்-16. அதில் மரபுக் கோளாறு இருக்கும் குழந்தைகளுக்கு மக்னீசியம் சிறுநீரோடு போய்விடுகிறது.

இதைக் கேட்டால், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அதுவும் சரியில்லை. சிறுகுடலில் கிளாடின்-2, கிளாடின்-15 என்ற இரண்டும் சோடியம் போவதற்குச் சிறு வழியை விட்டுவைக்கின்றன. சர்க்கரையை குளுக்கோஸாகக் குடல் உள்ளே இழுக்க வேண்டுமானால் கூடவே சோடியம் வேண்டும். அந்தச் சோடியம் இந்த இடுக்கு வழியாகத்தான் குடலுக்குள் திரும்பி வருகிறது. இரண்டு கிளாடினும் இல்லாத எலிகள், சாப்பாடு இருந்தும் சத்துக் குறைந்து இறந்தன.

ஆக, இந்த இடுக்குப் புரதங்கள் வெறும் பூச்சு வேலை பார்க்கவில்லை. நம் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பார்க்கிற வேலையைப் பார்க்கின்றன. பால்காரரை விட வேண்டும், முன்பின் தெரியாத வண்டியை நிறுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தால் இரண்டு கதவையும் திறக்க வேண்டும்.

ரத்தக் குழாய்க்குள் கைகோத்த செல்கள்

இப்போது ரத்தக் குழாய்க்கு வருவோம். மிக நுண்ணிய குழாய்களில் சுவர் என்பது ஒரே ஒரு செல் கனம்தான். அந்தச் செல்களுக்கு நடுவில் கிளாடினோடு இன்னொரு முக்கியமான புரதம் இருக்கிறது. பெயர் வி.இ. கேட்ஹெரின். கேட்ஹெரின் என்ற குடும்பப் பெயரை ஜப்பானின் மசதோஷி தாகெய்ச்சி வைத்தார். இவை கால்சியம் இருந்தால்தான் ஒட்டும் என்பதால் அந்தப் பெயர். ரத்தக் குழாய்க்கே உரிய வகையை 1992இல் இத்தாலியில் எலிசபெட்டா டெஜானாவின் குழு அடையாளம் கண்டது.

கேட்ஹெரின் எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு செல்லும் வெளியே கை நீட்டுகிறது. பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கையின் தோள் பகுதி செல்லுக்குள்ளே இருக்கும் ஆக்டின் என்ற நாரோடு கட்டப்பட்டிருக்கிறது. நார் சுருங்கினால் கை இழுக்கப்படும், பிடி தளரும், நடுவில் இடைவெளி விழும். இந்தக் கைப்பிடியைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதத்தை 1999இல் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றின் நுரையீரலில் நீர் கோத்தது, எலிகள் இறந்தன. குழாய் எங்கும் வெடிக்கவில்லை. கைப்பிடி விட்டுப்போனது, அவ்வளவுதான்.

இடைவெளி விழுந்தால் ஏன் தண்ணீர் வெளியேறுகிறது? ரத்தத்தில் ஆல்புமின் போன்ற புரதங்கள் இருக்கின்றன. தண்ணீரைக் குழாய்க்குள் இழுத்து வைத்திருப்பவை அவைதான். 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இதை விளக்கினார். இடைவெளி பெரிதானால் புரதம் வெளியே போகும். புரதம் போன இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

இதை நீங்கள் எல்லாரும் உங்கள் கையிலேயே பார்த்திருக்கிறீர்கள். கொசு கடித்த இடம் சில நிமிஷத்தில் தடித்து எழும்புகிறதே, அது இதே கசிவுதான். கடித்த இடத்தில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாகிறது. அது பக்கத்தில் உள்ள சிறு ரத்தக் குழாய்களின் செல்களைச் சற்று விலக வைக்கிறது. 1961இல் கைடோ மஜ்னோவும் அதே பலாடேயும் எலிகளில் இந்த இடைவெளிகளை நேரடியாகப் படமெடுத்துக் காட்டினார்கள்.

இந்தத் திறப்பு உடம்பு செய்கிற தவறு இல்லை. கிருமி வந்த இடத்துக்கு வெள்ளையணுவும் எதிர்ப்புப் புரதங்களும் போய்ச் சேர, கேட்டைத் திறந்து விடுகிற ஏற்பாடு அது. ஒரு மணி நேரத்தில் தடிப்பு அடங்கிவிடும். ஒரு இடத்தில், கொஞ்ச நேரம் திறந்தால் பாதுகாப்பு. உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் திறந்தால்? அதுதான் கடுமையான டெங்கு.

டெங்குவில் நடப்பது

டெங்கு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் "என்.எஸ்.1 பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வருகிறது, இல்லையா? என்.எஸ்.1 என்பது வைரஸ் நம் செல்லுக்குள் பெருகும்போது வெளியே விடுகிற ஒரு புரதம். பல காலம் அதை ஒரு அடையாளமாக மட்டும்தான் பார்த்தார்கள். 2015இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் காட்டின: வைரஸே இல்லாமல், அந்தப் புரதம் மட்டும் இருந்தாலும் ரத்தக் குழாய்ச் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தக் குழாயின் உட்புறத்தில் சர்க்கரைப் பொருள்களால் ஆன மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. என்.எஸ்.1 அதைச் சிதைக்கிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. கூடவே, நம் நோய் எதிர்ப்புச் செல்கள் வைரஸோடு சண்டை போடும்போது வெளியிடும் பொருள்களும் செல்களின் பிடியைத் தளர்த்துகின்றன. பூச்சும் போய், பிடியும் தளர்ந்தால், ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய்த் தங்குகிறது.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் கூடப் போகாமல், ஓடுகிற ரத்தத்தின் அளவு குறைந்துவிடும். இதயம் பம்ப் செய்யக் குழாயில் போதிய அளவு இருக்காது. மோட்டார் நன்றாக ஓடினாலும் சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் மேல் மாடிக்கு வராது அல்லவா, அதே நிலை.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. செல்கள் பெருமளவில் அழிந்துபோவதில்லை, பிடிதான் விடுகிறது. அதனால் கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். அந்த இரண்டு நாளைப் பத்திரமாகக் கடத்திவிட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். கடுமையான டெங்குவைக் கவனிக்காமல் விட்டால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இறக்கலாம். சரியாகக் கவனித்தால் அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக ஆகிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த இரண்டு நாள் எப்போது வரும்?

இதுதான் இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய விஷயம். முதல் சில நாள் காய்ச்சல் கொதிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி. எல்லாரும் பயந்து கவனிப்போம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுருச்சு" என்று மூச்சு விடுவோம். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையாகவே விட்டதுதான். ஆனால் கசிவு வருவதானால், அது வருவது அந்த நேரத்தில்தான். காய்ச்சல் விட்ட முதல் இரண்டு நாளில்தான் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை இவை:

விடாத வயிற்று வலி. திரும்பத் திரும்ப வாந்தி. ஈறு, மூக்கிலிருந்து ரத்தம், கறுப்பாக மலம். காய்ச்சல் இல்லாதபோதும் சோர்ந்து கிடப்பது, அல்லது காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது. கை கால் ஜில்லென்று வியர்த்து இருப்பது. மூச்சு வாங்குவது. நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது.

இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பி.பி. மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கசிவின் ஆரம்பத்தில் உடம்பு குழாய்களைச் சுருக்கி மேல் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். "100 இருக்கிறதே" என்று நாம் சமாதானமாகிவிடுவோம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 120க்கு 80 என்றால் வித்தியாசம் 40. 100க்கு 85 என்றால் 15தான். அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது ஷாக்கின் அடையாளம். பேசிக்கொண்டே இருக்கிற ஆளுக்குக்கூட அப்படி இருக்கலாம்.

பிளேட்லெட்டும் பி.சி.வி.யும்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே ஹீமட்டோக்ரிட் அல்லது பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடம் பிடிக்கின்றன என்பது அது. சாம்பார் கொதித்து வற்றினால் கெட்டியாகிறது. பருப்பு கூடவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது. அதே போல நீர்ப்பகுதி கசிந்து வெளியேறினால் பி.சி.வி. ஏறும். 40 இருந்தது 48 ஆனால் 20 சதவீதம் ஏற்றம். கணிசமாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். அதனால் காய்ச்சல் வந்த ஆரம்பத்திலேயே ஒரு தடவை பரிசோதனை செய்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஏறியதா என்று ஒப்பிட அந்த முதல் எண் வேண்டும்.

பிளேட்லெட் குறைவது முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேகமாக இறங்குவதும் ஒரு அறிகுறிதான். ஆனால் எண்ணைப் பார்த்து மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்குவதில் பயனில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழ் இருந்து, ரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. நம் குரூப்பில் நள்ளிரவில் டோனர் தேடி ஓடுகிறோம். அந்த ஓட்டத்தில் பாதியை, நோயாளி சிறுநீர் கழித்தாரா என்று கேட்பதில் செலவிடலாம்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் பற்றிக் கேட்பீர்கள். அவை கசிவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிரிப்ஸும் அப்படித்தான். "ரெண்டு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று நாமே கேட்கிறோம். சுவர் கசியும்போது தேவைக்கு மேல் ஏற்றினால் அதுவும் கசிந்து நுரையீரலைச் சுற்றிச் சேரும். கசிவு நின்ற பிறகு வெளியே போன நீரெல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும். அப்போதும் ஏற்றிக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறல் வரும். எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் பி.சி.வி.யையும் சிறுநீரையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுவோம்.

வீட்டில் இருக்கிறவருக்கு வாய் வழியாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், பழச்சாறு. வெறும் தண்ணீரை மட்டுமே குடிக்க வைத்தால் உப்புச் சத்து குறைந்துவிடும். சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் எதை எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம். உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். அவை வயிற்றுச் சவ்வைப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் தாங்களாக நிறுத்தாமல், காய்ச்சல் என்றதும் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

நம் கட்டடத்தில் செய்ய வேண்டியவை

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரில் வளர்கிறது. பகலில் கடிக்கும். அதிகம் பறக்காது; நம் வளாகத்தில் கடிக்கிற கொசு பெரும்பாலும் நம் வளாகத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்று சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் பக்கெட், மணி பிளான்ட் பாட்டில், ஓவர்ஹெட் டேங்க் மூடி, சம்ப் மூடி, லிஃப்ட் குழி, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய சாமான்கள்.

இவற்றோடு யாரும் நினைக்காத ஒரு இடம், பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுகள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். டாய்லெட் கம்மோடிலும், பயன்படுத்தாத பக்கெட்டிலும், பால்கனியிலும் தண்ணீர் நிற்கும். அவர்களிடம் ஒரு சாவியை வாங்கி வைத்து, வாரம் ஒரு தடவை இரண்டு பேர் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்கலாம் என்று கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் உரிமையாளர்கள் தயவுசெய்து சம்மதிக்க வேண்டும்.

காய்ச்சல்காரர் வீட்டில் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டு போகிறது. புகை அடித்தால் பறக்கிற கொசு கொஞ்சம் சாகும்; தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காக்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், கேட்டில் நிற்கும் அண்ணன்மார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் வராமல் இருப்பார்கள். காய்ச்சல் விட்ட அன்றைக்கே வேலைக்கு வந்துவிடுவார்கள், லீவு போட்டால் சம்பளம் பிடிப்போம் என்பதால். இதுவரை நான் சொன்னதை வைத்து யோசித்துப் பாருங்கள். எந்த நாளில் படுத்துக்கொண்டு கஞ்சி குடித்து, உடம்பைக் கவனிக்க வேண்டுமோ, அதே நாளில் அவர்கள் நான்காவது மாடிக்கு மாப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். டெங்கு என்று தெரிந்தால், காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அசோசியேஷன் நேரடியாக வைத்திருக்கும் ஊழியர்களுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கும் இதுவேதான். காய்ச்சல் விட்டதும் "டெஸ்ட் இருக்கு" என்று ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

ஒரு தடவை டெங்கு வந்துவிட்டால் மறுபடி வராதா?

வரும். டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்குத்தான் நீண்ட கால எதிர்ப்பு. இரண்டாவது முறை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் புரதமே வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடக்கூடும். அதனால் கடுமையான கசிவு இரண்டாவது முறையில்தான் கூடுதலாக வருகிறது. முன்பு வந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

என்.எஸ்.1 நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

காய்ச்சல் வந்த முதல் சில நாளில்தான் அந்தப் பரிசோதனை நன்றாகப் பிடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுத்தால் தவறக்கூடும், அப்போது ஐ.ஜி.எம். பரிசோதனை பார்ப்பார்கள். ரிப்போர்ட் எதுவானாலும், மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இருந்தால் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்குத்தான்.

"லீக்கி கட்" என்று குடல் கசிவுக்குப் பேக்கேஜ் டெஸ்ட் விளம்பரம் வருகிறதே, செய்யலாமா?

குடலிலும் இதே இடுக்குப் புரதங்கள் உண்டு. குடல் அழற்சி, செலியாக் போன்ற நோய்களில் அவை மாறுவதும் உண்மை. ஆனால் களைப்பு, முடி கொட்டுதல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் குடல் கசிவுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. விளம்பரங்களில் வரும் ஸோனுலின் ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டால், கடைகளில் கிடைக்கும் கிட்டுகள் அளக்க வேண்டிய புரதத்தை அளக்கவில்லை என்று 2018, 2019 ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றில் உண்மையான தொந்தரவு இருந்தால் அந்தப் பணத்துக்கு ஒரு குடல் மருத்துவரைப் பாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தளமாகப் பார்த்துக்கொண்டு வருவோம். பிளாக்குக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு டார்ச், ஒரு பிரஷ் கொண்டுவந்தால் போதும். அபாய அறிகுறிகளின் பட்டியலை லிஃப்டுக்குள்ளும் செக்யூரிட்டி அறையிலும் ஒட்டச் சொல்லி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.